ஆய்வு வட்டத்தைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றியவர்

வியாழக்கிழமை காலை டீ இடைவேளையில், எங்கள் கூட்டங்களுக்கு வரும் இளைஞன் இசக்கியிடமிருந்து அழைப்பு வந்தது. நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் லைனில் நிற்கும்போது போன் எடுக்க முடியாது. கேன்டீனுக்கு வெளியே வந்து எடுத்தேன்.

“அண்ணாச்சி, எஸ்தரக்கா போயிட்டாவ.”

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன்.

உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டார வரலாற்று ஆய்வு வட்டத்தின் பொதுக்குழு. எஸ்தர் அதன் செயலாளர். கூட்ட விஷயமாக வாலாஜாபாத் போயிருப்பார், இல்லையென்றால் யாரோடாவது வாதாடத் தாலுகா ஆபீஸுக்குப் போயிருப்பார் என்றுதான் என் மனம் ஓடியது. மறுமுனையில் இசக்கி மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

“அப்படி இல்ல அண்ணாச்சி. தவறிட்டாவ. பஸ் ஷெட்டுலயே விழுந்துட்டாவளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் ஒண்ணும் முடியல.”

“யார் சொன்னது? சரியா விசாரிச்சியா?” என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். அவன் ஏதோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்து சொல்வதைப் போல. அன்று விடியற்காலை நான் பஸ் ஏறும்போதுதான் எஸ்தரிடமிருந்து எனக்குச் செய்தி வந்திருந்தது. ‘சார், மைக்செட்காரர்கிட்ட சொல்லியாச்சா? மறந்துடாதீங்க.’ நான் இன்னும் பதில் போடவில்லை. நான் பதில் போட வேண்டிய ஒருவர் எப்படி அதற்குள் செத்துப்போக முடியும்? இப்போது எழுதிப் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது. அந்த நிமிடத்தில் எனக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் போய் என் இடத்தில் நின்றேன். கையில் எடுத்த பாகத்தை என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து “இன்னா முருகேசன், உடம்பு சரியில்லையா?” என்று கேட்ட பிறகுதான் அழுதேன்.

எஸ்தரை அறிந்த நண்பர்களே, உங்களில் பலருக்கும் அந்தக் காலை இப்படித்தான் இடித்திருக்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் ராணிக்கு நாற்பது வயது கடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரகடத்துக் கம்பெனிகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில், எந்த பஸ் எந்த ஷிப்ட்டுக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அஞ்சல் வழியில் வரலாறு முதுகலை படித்தவர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சண்டை போடுவார். அவர் நடந்துவரும் வேகத்தைப் பார்த்தால் எங்கோ ஏதோ பஸ் கிளம்பிவிட்டது என்று தோன்றும்.

*

அவர் முதன்முதலில் எங்கள் கூட்டத்துக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். அப்போது ஆய்வு வட்டம் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடும். கல்வெட்டு, கோயில், ஏரி, பழைய ஊர்ப்பெயர்கள் என்று பேசுவோம். பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் நாங்களே. பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். என்னைப் போல் ஆலையில் வேலை செய்துகொண்டு வரலாற்றில் கிறுக்குப் பிடித்தவர்கள் ஓரிருவர்.

அன்று பேசியவர் எங்கள் தலைவர் வேதாசலம் ஐயா. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரகடத்துப் பக்கம் ஓர் ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் கல்வட்டங்களைப் பற்றிப் பேசினார். வட்டமாகப் பாறைகளை நட்டு நடுவில் இறந்தவர்களைப் புதைத்த மிகப் பழைய இடுகாடு அது. ஊரில் ‘பேய்க்கல்லு’ என்பார்கள். பெரும்பாலான கற்கள் போய்விட்டன, மிச்சமிருப்பதைக் காப்பாற்ற மனு மேல் மனு போட்டும் பயனில்லை என்று சொல்லி முடித்தார்.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார்.

“சார், பேச்சு சூப்பர். ஒரு சந்தேகம். இவ்ளோ நல்ல விஷயத்த ஏன் ஒரு பெஞ்சு ஆளுங்களுக்கு மட்டும் சொல்லிக்கினு கீறீங்க?”

ஐயா கோபப்படவில்லை. “தரமான விஷயத்துக்குக் கூட்டம் சேராதும்மா” என்றார்.

“கூட்டம் சேராததாலயே தரம்னு நெனச்சிக்கினா எப்படி சார்?”

 முதலில் சிரித்தது வேதாசலம் ஐயாதான். “உம் பேரு இன்னாம்மா?” என்று கேட்டு உறுப்பினர் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் முன்வராததால் அது எஸ்தரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை அலங்காரப் பதவியாக வைத்துக்கொள்ளமாட்டார் என்று நாங்கள் ஊகித்திருக்க வேண்டும்.

*

முதல் வேலையாகக் கூட்டத்தை இடம் மாற்றினார். சனிக்கிழமை மதியம் வாலாஜாபாத்துக்கு ஷிப்ட் ஆட்கள் யாரும் வரமுடியாது என்றார். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை. தன் பஸ் டிரைவர்கள் மூலம் செய்தி பரப்பினார். ‘ஒரகடம் பற்றி அறிய விரும்புவோர் வரவும்’ என்பதுதான் வாசகம்.

அந்த ஞாயிறு நான் மாடிக்குப் போனபோது படிக்கட்டில் நிற்க இடமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேதாசலம் ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் இளைஞர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, உறைக்குள் இருப்பது பயோடேட்டா. யாரோ அந்தச் செய்தியை ‘ஒரகடத்தில் வேலை’ என்று மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

நானாக இருந்தால் பின்பக்கமாக இறங்கி ஓடியிருப்பேன். எஸ்தர் ஒரு ஸ்டூலின் மேல் ஏறினார்.

“தம்பிங்களா, தங்கச்சிங்களா, மொதல்ல மன்னிச்சிக்குங்க. இங்க வேல எதுவும் இல்ல. யாரோ தப்பா மெசேஜ் போட்டுட்டாங்க. இது இந்த ஏரியா வரலாறு பேசற கூட்டம்.”

கெட்ட வார்த்தைகள் கேட்டன. ஒருவன் பயோடேட்டாவைக் கிழித்து அவர் காலடியில் போட்டான். அவர் அசையவில்லை. “கோவம் நியாயம்தான். பஸ் செலவு பண்ணி வந்துகீறீங்க. டீ சொல்லிகீது, குடிச்சிட்டுப் போங்க. யாராவது உக்காரணும்னா உக்காருங்க. நாங்க பேசல. நீங்க பேசுங்க. எங்கருந்து வந்தீங்க, இந்த ஊரப் பாத்து இன்னா தோணுச்சு, அது போதும்.”

பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன்தான் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். “எங்கூர்ல தண்ணி இல்ல, வயல் காஞ்சு கெடக்கு. இங்க இம்புட்டு ஏரி இருக்கு, ஏன் வயல் இல்லன்னு எனக்கு வெளங்கல” என்றான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அன்று இரண்டு மணி நேரம் பேச்சு ஓடியது. வேதாசலம் ஐயா கரும்பலகையில் ஏரிகளின் வரைபடம் போட்டார். அவர் அப்படி உற்சாகமாகச் சாக்பீஸ் பிடித்து நான் பார்த்ததில்லை.

இறங்கி வரும்போது எஸ்தர் என்னிடம் சொன்னார்: “பாத்தீங்களா சார், தப்பான மெசேஜுக்கே இவ்ளோ பேரு வராங்க.”

*

அதன் பிறகு வந்ததுதான் பஸ் பேச்சு. ஷிப்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் சினிமாப் பாட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் ஒரு பேச்சைப் பதிவு செய்து ஒலிபரப்புவது. ஏரியைப் பற்றி, ஊர்ப்பெயரைப் பற்றி, ரயில் பாதை வந்ததைப் பற்றி. முதல் பேச்சுக்கு வேதாசலம் ஐயாவைப் பிடித்தார். தலைப்பு கல்வட்டங்கள். ஐயா பல பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். “தொன்மைமிகு தொண்டை நாட்டின்…” என்று ஆரம்பித்ததும் எஸ்தர் பதிவு செய்துகொண்டிருந்த போனை அணைத்தார்.

“சார், நீங்க தொண்ட நாட்ட முடிக்கிறதுக்குள்ள அவங்க எறங்கிப் போயிடுவாங்க. ‘நீங்க டெய்லி தாண்டிப் போற எடத்துல ஒரு கல்லு கீது’ன்னு ஆரம்பிங்க.”

“நான் முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன்மா.”

“அதான் சார் பிரச்சன. க்ளாஸ்ல பையன் எழுந்து போக முடியாது.”

நான் அந்த அறையில் இருந்தேன். ஐயா முகம் சிவந்தது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு எஸ்தர் சொன்னபடியே ஆரம்பித்தார். அந்தப் பதிவு உங்களில் பலரிடம் இருக்கும்.

அது உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் போட்டபோது, டிரைவர் ஒருவர் வந்து “மேடம், எல்லாரும் தூங்கறாங்க. இத போட்டா என்னத் திட்றாங்க” என்று புகார் சொன்னார். எஸ்தர் மறுநாளே அதை மதிய ஷிப்ட்டுக்குப் போகிற பஸ்களுக்கு மாற்றினார். “தூங்கறவன எழுப்பிச் சொல்ற அளவுக்கு எந்த வரலாறும் அவசரமில்ல” என்பது அவர் தீர்ப்பு. ஆட்களின் களைப்பை மதிக்கத் தெரிந்தவர். தன் களைப்பை மட்டும் அவர் மதிக்கவே இல்லை.

*

எஸ்தரின் ஊர் ஒரகடத்தை ஒட்டியது. அவர் குடும்பத்து நிலமும் தொழிற்பேட்டைக்குப் போனதுதான். எந்த ஆலையின் எந்த ஷெட் தங்கள் களத்துமேட்டில் நிற்கிறது என்று கைகாட்டிச் சொல்வார். அதைப் பற்றி எங்கள் இதழில் எழுதுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். இதழைத் தொகுப்பவன் நான்.

“எழுதலாம் சார். ஆனா எங்க நெலத்துல இப்ப யாரு நிக்கிறான்னு தெரியாம இன்னா எழுதறது? அந்த ஷெட்டுக்குள்ள தூத்துக்குடிக்காரன் நிக்கிறான், பீகார்காரன் நிக்கிறான். அவனும் இந்த ஊரு கதைலதானே கீறான்? பாதிக் கதைய எழுதி இன்னா பிரயோஜனம்?”

அந்த எண்ணத்தோடுதான் போன ஆண்டு செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எங்கள் விதிப்படி இந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள் அல்லது நெடுங்காலமாகக் குடியிருப்பவர்கள் மட்டுமே உறுப்பினராகலாம். அதை எடுத்துவிட வேண்டும், இங்கே வாழ்கிற, வேலை செய்கிற யாரும் சேரலாம் என்று ஆக்க வேண்டும் என்றார்.

வேதாசலம் ஐயா எதிர்த்தார். அவர் பக்கத்திலும் அக்கறை இருந்தது. “வராங்க, கேக்கறாங்க, சந்தோஷம். ஆனா உறுப்பினர்னா பொறுப்பு. இன்னைக்கு இருக்கறவங்க நாளைக்கு வேற மாநிலம் போயிடுவாங்க. சேத்து வெச்சதை யாரும்மா காப்பாத்துவாங்க? வட்டாரம்னு பேர் வெச்சிட்டு ஊரையே சேத்தா அது வட்டாரமா?”

“வட்டாரம்னா இங்க யாரு பொறந்தாங்கன்றதா சார், இங்க யாரு கீறாங்கன்றதா?”

“ரெண்டும்தான். ஆனா வேர்னு ஒண்ணு வேணும்.”

“எங்க வேர ஜேசிபி வெச்சி எடுத்தாங்க சார். நான் இன்னும் நின்னுக்கினுதான் கீறேன்.”

 ஆனாலும் கையைத் தூக்கியபோது தீர்மானம் தோற்றது. நானும் இன்னும் சிலரும் அவர் பக்கம் தூக்கினோம், போதவில்லை. எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூட்டக் குறிப்பேட்டில் முடிவைத் தன் கையாலேயே எழுதினார். வெளியே வந்து வண்டியை உதைத்தபோது மட்டும் அதன் மேல் கோபத்தைக் காட்டினார். விலகிவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

*

இனி சொல்லப் போவது உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்வட்டங்கள் இருக்கும் ஏரிக்கரைக்கு அருகே ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கான ஒரு விடுதி இருக்கிறது. எஸ்தர் ஒரு விடுமுறை நாளில் அந்தப் பெண்களை அழைத்துப் போய்க் கற்களைக் காட்டினார். உறுப்பினராகத்தான் முடியாது, பார்க்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லையே என்றார். அந்தப் பெண்களில் சுமந்தி என்பவர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். திக்கித் திக்கித் தமிழ் பேசுவார். அன்று அவர் ஒரு கல்லைத் தொட்டுக் கும்பிட்டார் என்று எஸ்தர் பிறகு சொன்னார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை நேரம், விடுதி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுமந்தி ஏரிக்கரையில் ஒரு ஜேசிபி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று யாரோ அதை ஏவியிருந்தார்கள். சுமந்தி எஸ்தரை அழைத்தார். “அக்கா, வண்டி வந்து. கல் எடுக்குது.” எஸ்தர் என்னையும் வேதாசலம் ஐயாவையும் அழைத்தார். எனக்கு அன்று மதிய ஷிப்ட், உடனே கிளம்பிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வட்டங்கள் ஏற்கெனவே மண்மேடாகிக் கிடந்தன. மிச்சமிருந்த கற்களின் மேல் விடுதிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், தலை வாராதவர்கள், ஈரத்துணி வாளியோடு வந்தவர்கள். ஜேசிபி டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். “நகருங்கம்மா. எனக்கு சொன்ன வேலையத்தான செய்றேன்.”

“இது சமாதி” என்றார் சுமந்தி. “சமாதி மேல வண்டி நிக்காது.”

“ஒன்னிய நான் இன்னாபா சொன்னேன்?” என்று எஸ்தர் டிரைவரிடம் போனார். “ஒம்மேல தப்பு இல்ல. அனுப்பினவங்களுக்குப் போன் போடு. இன்னிக்கு முடியாதுன்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்றேன், குடு.”

கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பார்த்தார், மேலே பேசினார். வேலை நின்றது. எங்கள் மனுக்களால் பல ஆண்டுகளாக முடியாதது அந்த வெயிலில் முடிந்தது.

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வேதாசலம் ஐயா வந்து சேர்ந்தார். சிதைந்த இரண்டு வட்டங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தார். “இது இன்னதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார்.

சுமந்தி அவர் குரலைக் கேட்டதும் சட்டென்று எழுந்தார். “குரல் தெரியும்! பஸ் தாத்தா!” என்று மற்றவர்களிடம் கத்தினார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அவருடைய மூன்று நிமிடப் பேச்சை அவர்கள் பஸ்ஸில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். பிறகு சுமந்தி சொன்னார்: “எங்க ஊர்ல இப்பவும் இப்டி கல் வைக்கிறோம். என் அப்பா அப்பாக்கு வெச்சோம். அதான் தெரியும்.”

வேதாசலம் ஐயா அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எப்படித் தூக்குவீர்கள், யார் வைப்பார்கள், எந்த மாதத்தில் வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுமந்தி பாதி தமிழிலும் பாதி கையாலும் சொன்னார். புத்தகத்தில் மட்டும் படித்த ஒன்றை இன்றும் செய்கிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் அவர் வெயிலையே மறந்துவிட்டார். எஸ்தர் வெற்றிபெற்ற முகத்தோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், அவ்வளவுதான்.

போகும்போது ஐயா சொன்னார்: “எஸ்தர், அந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவுல வை. நானே முன்மொழியறேன்.”

அந்தப் பொதுக்குழுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது.

*

வியாழக்கிழமை மதியம் நான் சிங்கப்பெருமாள் கோவிலில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் அருள் எலக்ட்ரீஷியன். வாசலில் ஷாமியானா கட்டுகிறவர்களுக்கு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரோ அவரை உள்ளே இழுத்துப் போகப் பார்த்தார்கள். “விடுங்க, ஒயர் தொங்குது” என்றார். என்னைப் பார்த்ததும் ஏணியை விட்டுவிட்டார்.

“தலவலி தலவலின்னு பத்து நாளா சொல்லிக்கினு இருந்தா சார். டாக்டர்கிட்ட போலாம்னேன். ஞாயித்துக்கெழம மீட்டிங் முடியட்டும்னா. காலைல எனக்கு இட்லி எடுத்து வெச்சிட்டுப் போனா சார். அந்த இட்லி இன்னும் அப்படியே கீது.”

பஸ் ஷெட்டில் காலை ஷிப்ட் வண்டிகள் எல்லாவற்றையும் அனுப்பி முடித்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொண்டுவந்தபோது பேச்சு குழறியிருக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். இதைப் பலமுறை பலருக்குச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப் போலவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆலயத்தில் ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் கம்பெனி பஸ்கள் ஓரம்கட்டின. சீருடையோடு இறங்கி ஓடிவந்து பார்த்துவிட்டு ஓடிப்போய் ஏறினார்கள். அவர்கள் பேசிய மொழிகளில் பாதி எனக்குத் தெரியாது. வேதாசலம் ஐயா குழியருகே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இருக்கேன், இந்தப் பொண்ணு போயிட்டுது. இது இன்னா கணக்கு முருகேசன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இரைந்து கேட்டார். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அருளிடம் கேட்டோம். “நடத்துங்க சார். டாக்டர தள்ளி வெச்சது அதுக்காகத்தான” என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா, சம்மதமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடினோம். வேதாசலம் ஐயா தீர்மானத்தை முன்மொழிந்தார். வாசிக்க முடியாமல் இரண்டு இடத்தில் நின்றார், இசக்கி வாங்கி வாசித்து முடித்தான். தீர்மானம் நிறைவேறியது. பழைய உறுப்பினர்கள் இருவர் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அவர்கள் அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிய விதிப்படி முதல் உறுப்பினராகச் சேர வேண்டிய சுமந்தி வரவில்லை. அவருக்கு அன்று ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை போட்டுவிட்டார்கள். புதிய செயலாளர் யார் என்ற கேள்வியை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வழக்கமாக எஸ்தர் நிற்கும் கதவோரத்தைத் தாண்டிப் போகிற எல்லோரும் ஒதுங்கியே போனதைக் கவனித்தேன்.

*

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய பொறுமையைப் புகழ்வார்கள். எஸ்தரிடம் பொறுமை கிடையாது. “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “அடுத்த கூட்டத்துக்குள்ள அந்த ஆள் கான்ட்ராக்ட் முடிஞ்சி போயிடுவான் சார். இப்ப கேட்டாத்தான் உண்டு” என்பார். இந்த ஊரில் மனிதர்கள் தங்கும் கால அளவு அவருக்குத் தெரியும். அதைத் தனக்கும் பொருத்திப் பார்த்திருக்க மாட்டார்.

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த அவசரத்தைத்தான். வேறு எதையும் எடுத்துக்கொள்ள இன்னும் மனம் ஒப்பவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, பல மாதங்களாக என் பக்கத்து இருக்கையில் வருகிற ஒருவரிடம் முதன்முறையாகப் பேச்சுக் கொடுத்தேன். அறந்தாங்கிப் பக்கம் அவர் ஊர். அப்பா கடலில் வலை போடுகிறவர், இவருக்குக் கடல் பயம், அதனால் கார் கம்பெனிக்கு வந்தாராம். வந்த புதிதில், தகடு அழுத்தும் பிரெஸ் இயந்திரத்தின் சத்தம் காதிலேயே நிற்க, தூக்கத்தில் அதை அலை என்று நினைத்து விழித்துக்கொள்வாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. “மீதிய நாளைக்குச் சொல்றேண்ணே, என்னை வேற ரூட்டு பஸ்ஸுக்கு மாத்திட்டாத்தான் பார்க்க முடியாது” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

என் நிறுத்தத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. நானும் அவரோடு இறங்கினேன்.